மூக்கில் நிற்காத கண்ணாடி

கேள்வி

ஐயா, எனக்கு 29 வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து தினமும் ஸ்கூட்டியில் ரவுணுக்குப் போய் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்பில் இருந்து கண்ணாடி போடுகிறவள். மூன்று மாதத்துக்கு முன் கண் வைத்தியர் தந்த துண்டில் வலது கண் −5.50, சிலின்டர் −0.75, அக்ஸிஸ் 170; இடது கண் −6.00, சிலின்டர் −1.00, அக்ஸிஸ் 10 என்று இருக்கிறது. அதை வைத்து ஒன்லைனில் பெரிய பிறேம் ஒன்று எடுத்தேன். போட்ட நாள் தொடக்கம் பின்னேரமானால் தலையிடி. நிலம் ஒரு பக்கம் சரிந்தது போலத் தெரிகிறது. குனிந்தால் மூக்கில் இருந்து வழுக்கி விழுகிறது. கரை போத்தல் அடி மாதிரித் தடிப்பு. ஒரு மாதமாகிவிட்டது. ஓர்டர் செய்யும்போது பி.டி. என்று ஓர் அளவு கேட்டார்கள். துண்டில் அது இல்லாததால் "தெரியாது" என்று போட்டேன். புதுப் பிறேமின் உள்பக்கம் 56, 17, 145 என்றும் பழையதில் 49, 18, 140 என்றும் எழுதியிருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, தான் அங்கே ஒன்லைனில் மலிவாக எடுத்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். அம்மாவுக்கும் ஒரு புறோகிரெசிவ் எடுப்போம் என்கிறார். அம்மாவுக்கு 58 வயது, சலரோகம் இருக்கிறது, வீட்டில் தையல் வேலை. அவவின் துண்டு இரண்டு வருசம் பழையது: இரண்டு கண்ணும் +1.00, அடிஷன் +2.25. ஒன்லைனில் எடுக்கலாமா? எடுத்தால் எதைப் பார்த்து எடுப்பது?

வாசகி, திருநெல்வேலி

பதில்

பிள்ளை, அந்தப் புதுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பழையதைப் போட்டுக்கொண்டு இதை வாசியுங்கள். புதுக் கண்ணாடி கண்ணுக்குப் பழக ஒரு கிழமை எடுக்கும், சிலருக்கு இரண்டு கிழமையும் எடுக்கும். ஒரு மாதமாகியும் தலையிடி விடவில்லை என்றால் பிழை அநேகமாகக் கண்ணாடியில்தான். "போடப் போடச் சரிவரும்" என்று யார் சொன்னாலும் இனிக் கேட்காதீர்கள். பழையதில் தூரம் கொஞ்சம் மங்கலாக இருந்தால், இது தீரும்வரை இருட்டின பிறகு ஸ்கூட்டி ஓட வேண்டாம்.

நான் கண்ணாடிக் கடையில் இருந்து சீவிக்கிறவன். ஒன்லைனில் எடுக்காதே என்றுதான் இவன் சொல்வான் என்று நீங்கள் நினைத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் −1.50, −2.00 பவரோடு ஒன்லைனில் எடுத்த கண்ணாடிகளை என்னிடம் கொண்டுவந்து காதுக்குப் போகும் கையை மட்டும் சரிப்படுத்திக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கண்ணாடிகள் நல்ல கண்ணாடிகள்தான். குறைந்த பவரில் இரண்டு மில்லிமீற்றர் பிழையைக் கண் மன்னித்துவிடும். −6 மன்னிக்காது. உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் தொடங்குகிறது.

துண்டு உங்கள் கண்ணுக்கு எவ்வளவு பவர் வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பவர் உங்கள் முகத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஒவ்வொரு வில்லைக்கும் ஒளி வளையாமல் நேராகப் போகும் ஒரு நடுப்புள்ளி உண்டு. நீங்கள் நேரே பார்க்கும்போது அது கருமணிக்கு முன்னால் வர வேண்டும். இரண்டு கருமணிகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் அவர்கள் கேட்ட பி.டி. வளர்ந்தவர்களில் அநேகமானோருக்கு அது 54 மில்லிமீற்றருக்கும் 74 மில்லிமீற்றருக்கும் இடையில் வரும். சராசரி 63 அளவில் நிற்கும். நீங்கள் "தெரியாது" என்று போட்டாலும் வில்லை வெட்டுகிறவர் ஏதோ ஓர் இலக்கத்துக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். அநேகமாகச் சராசரிக்கு வெட்டியிருப்பார்.

கணக்காய்வில் இருக்கிறீர்கள், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். உங்கள் உண்மையான பி.டி. 59 என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி 63க்கு வெட்டுப்பட்டிருந்தால் ஒவ்வொரு கண்ணிலும் நடுப்புள்ளி 2 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது. விலகிய தூரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்துப் பவரால் பெருக்கினால், அந்த இடத்தில் வில்லை எவ்வளவு அரியமாக வேலை செய்கிறது என்று வரும். வலதில் 0.2 தர 5.5, அதாவது 1.1. இடதில் 0.2 தர 6, அதாவது 1.2. இரண்டும் சேர்ந்து 2.3. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த கண்ணாடி அரியத்தை நினைத்துப் பாருங்கள். அதில் மெல்லிய துண்டு ஒன்றை அடிப்பக்கம் மூக்கை நோக்கி இருக்கும்படி ஒவ்வொரு கண்ணுக்கு முன்னாலும் ஒட்டிவிட்டது போன்றது இது. காட்சி ஒன்றாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு கண்ணும் வெளிப்பக்கம் விரிய வேண்டும். கண்களுக்கு உள்ளே திரும்புவது கை வந்த வேலை. வாசிக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்கின்றன. வெளியே விரியும் சக்தி அவற்றுக்கு மிகக் கொஞ்சம். காலை எட்டு மணியில் இருந்து அந்தச் சின்னத் தசைகள் இழுபட்டுக்கொண்டிருந்தால் பின்னேரம் நெற்றி இடிக்கத்தான் செய்யும்.

மேல் கீழாக விலகினால் இன்னும் மோசம். −6 பவரில் ஒரு நடுப்புள்ளி மற்றதை விட ஒரு மில்லிமீற்றர் உயர்ந்து நின்றாலே 0.6 வந்துவிடும். அவ்வளவையே பலரால் தாங்க ஏலாது. ஆட்களின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதும் குறைவு. பெட்டியில் இருந்து எடுத்த கண்ணாடியை அப்படியே கொளுவினால் ஒரு பக்கம் தூக்கி நிற்கலாம். நிலம் சரிந்தது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இந்தச் சரிவும் காரணமாகலாம், சிலின்டரின் அக்ஸிஸ் தவறிப்போனதும் காரணமாகலாம். சிலின்டர் என்பது ஒரு திசையில் மட்டும் கூடும் பவர், அக்ஸிஸ் அது நிற்க வேண்டிய கோணம். அக்ஸிஸ் பத்துப் பாகை பிசகினாலும் நேர்கோடு சாய்ந்து தெரியும்.

எது காரணம் என்று இந்தக் கிழமையே கண்டுபிடிக்கலாம். ரவுணில் கண்ணாடிக் கடைகளுக்குக் குறைவில்லை. புதுக் கண்ணாடியையும் துண்டையும் கொண்டுபோய், லென்ஸ்மீற்றரில் வைத்துப் பவர், அக்ஸிஸ், இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அப்படியே உங்கள் பி.டி.யையும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக, மூக்கின் நடுவில் இருந்து அளந்து எழுதுவியுங்கள். வலது 29, இடது 30 என்று வரலாம். முகம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வேறெங்கோ வாங்கிய கண்ணாடிக்கு இந்த வேலையைக் கேட்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். அவருடைய நேரத்துக்குக் காசு கொடுத்தே கேளுங்கள். அந்தச் சின்னக் காகிதம் உங்களுக்கு இனிப் பல வருசத்துக்கு உதவும், வளர்ந்த ஆளுக்கு பி.டி. பெரிதாக மாறுவதில்லை.

கடைக்குப் போகமுன் வீட்டிலேயே பார்க்க ஆசையென்றால் ஒரு வழி இருக்கிறது. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புதியதைக் கையை நீட்டிப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடி, தூரத்தில் இருக்கும் கதவு நிலையின் நேர்கோட்டை அந்த வில்லைக்குள்ளால் பாருங்கள். வில்லைக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் ஒன்றாகச் சேரும்வரை கண்ணாடியை இடமும் வலமும் மெல்ல அரக்குங்கள். சேர்ந்த இடத்தில் மார்க்கர் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். மற்ற வில்லையிலும் அப்படியே. இரண்டு புள்ளிக்கும் இடையே அடிமட்டத்தை வைத்து அளந்தால் அவர்கள் எந்த இலக்கத்துக்கு வெட்டினார்கள் என்று பிடிபடும். சிலின்டர் இருப்பதால் கோடு ஒரு சொட்டுச் சாயலாம், பாதகமில்லை.

உங்கள் சொந்த அளவை எடுப்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி முன் அடிமட்டத்தோடு நிற்கச் சொல்லி எங்கும் எழுதியிருப்பார்கள். அது உங்களுக்குச் சரிவராது. −6 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 17 சென்ரிமீற்றருக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை, அடிமட்டத்தின் கோடுகளை எப்படி வாசிப்பது? வீட்டில் இன்னொருவரை வைத்து எடுங்கள். நீங்கள் தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அளப்பவர் கருமணியின் நடுவைத் தேடிக் கஷ்டப்படத் தேவையில்லை. எங்களுடைய கண்கள் கருமை, நடுவில் இருக்கும் கருமணி வெளிச்சத்தில் பிரிந்து தெரிவதே இல்லை. ஒரு கண்ணில் கருவிழி முடிந்து வெள்ளை தொடங்கும் வெளிக்கரையில் இருந்து, மற்றக் கண்ணின் கருவிழி தொடங்கும் உள்கரைவரை அளந்தால் அதே அளவு வரும். போனில் படம் எடுத்து அளப்பதென்றால் வங்கி அட்டையை மூக்குக்குக் கீழே முகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். அதன் அகலம் 85.6 மில்லிமீற்றர், அதை வைத்து மிச்சத்தைக் கணிக்கலாம். ஆனால் படம் எடுப்பவர் இரண்டு மீற்றராவது தள்ளி நின்று சூம் பண்ணி எடுக்க வேண்டும். கிட்டப் பிடித்தால் கண்கள் போனை நோக்கி உள்ளே திரும்பி அளவு இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைந்துவிடும். மூன்று தரம் எடுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் கடைக்குப் போங்கள்.

இனிப் பிறேமுக்கு வருவோம். உங்கள் பழைய கண்ணாடியில் இருக்கும் 49, 18, 140 என்ற மூன்று இலக்கங்களும் மில்லிமீற்றரில்: ஒரு வில்லையின் அகலம், இரண்டு வில்லைகளுக்கும் நடுவில் மூக்குப் பாலத்தின் இடைவெளி, காதுக்குப் போகும் கையின் நீளம். முதல் இரண்டையும் கூட்டினால் பிறேமின் சொந்த பி.டி. வரும். பழையதில் 67, புதியதில் 73. உங்கள் 59க்கும் இந்த 73க்கும் இடையில் 14 மில்லிமீற்றர் வித்தியாசம். ஆகவே ஒவ்வொரு வில்லையின் நடுப்புள்ளியையும் 7 மில்லிமீற்றர் மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது காதுப்பக்கக் கரை நடுப்புள்ளியில் இருந்து 35 மில்லிமீற்றர் தள்ளிப் போகிறது. உங்களுடையது போன்ற குழிவு வில்லை நடுவில் மெல்லியது, தள்ளிப் போகப் போகத் தடிக்கும். அதுவும் தூரத்தின் வர்க்கத்தோடு தடிக்கும். சாதாரண 1.50 பிளாஸ்ரிக்கில் −6 பவருக்கு அந்தக் கரை அண்ணளவாக 9 மில்லிமீற்றர். அதே வில்லையை உங்கள் பழைய 49 பிறேமில் போட்டால் ஆறரைக்குள் நிற்கும்.

இதைக் கடையிலும் சொல்வதில்லை, ஒன்லைனிலும் சொல்வதில்லை: அந்தப் பெரிய 56 பிறேமில் காசைக் கொட்டி 1.67 இன்டெக்ஸ் வில்லை போட்டாலும் கரை 7 மில்லிமீற்றர் அளவில் வரும். சின்னப் பிறேமில் போட்ட மலிவு வில்லை, பெரிய பிறேமில் போட்ட விலை கூடிய வில்லையை விட மெல்லியது. இன்டெக்ஸ் என்பது நீங்கள் பௌதிகவியலில் படித்த முறிவுச்சுட்டிதான். அது கூடினால் அதே பவரை மெல்லிய வில்லையில் கொண்டுவரலாம், உண்மை. ஆனால் முதலில் பிறேமைச் சின்னதாக்குங்கள், பிறகு இன்டெக்ஸுக்குக் காசைக் கொடுங்கள். உங்களுக்கு 47 முதல் 50 வரை அகலமுள்ள, மூலைகள் உருண்ட பிறேமில் 1.60 வில்லை போதும்; கரை ஐந்தரை அளவில் நிற்கும். 1.67 போட்டால் அரை மில்லிமீற்றர்தான் மிச்சம். பொலிகாபனேற் வில்லை இலகுவில் உடையாது, விளையாடித் திரியும் சின்னப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் போடச் சொல்வேன். ஆனால் அது நிறங்களைக் கூடப் பிரிக்கும். −6 பவரில் கரையால் பார்க்கும்போது எழுத்தின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் தெரியும். இலக்கங்களோடு நாள் முழுக்க இருக்கும் உங்களுக்கு அது எரிச்சல்.

முகப்படத்தில் பிறேமைப் பொருத்திக் காட்டும் வசதி வடிவைக் காட்டும். மூக்கில் நிற்குமா என்று காட்டாது. எங்களில் பலருக்குக் கண்களுக்கு இடையில் மூக்கின் மேற்பகுதி பதிந்தது, கீழே அகன்றது. மூக்குப் பாலம் பிறேமோடு சேர்த்து வார்த்த தடித்த பிளாஸ்ரிக் பிறேம்கள் கூர்மூக்குக்காரருக்கு அளவெடுத்தவை; எங்கள் முகத்தில் அவை மூக்கில் தாங்காமல் கன்னத்தில் இருக்கும், சிரித்தால் தூக்கும். கம்பியில் பொருத்திய சிலிக்கோன் மூக்குப் பட்டைகள் உள்ள உலோகப் பிறேம் எடுங்கள். அந்தக் கம்பிகளை எந்தக் கடையிலும் உள்ளே வெளியே வளைத்து உங்கள் மூக்குக்குச் சரிப்படுத்தலாம். புதியது வழுக்குவதற்கு இன்னொரு காரணம் அந்த 145. கையின் வளைவு காது மடலின் மேல்நுனி தாண்டியதும் உடனே இறங்க வேண்டும். ஐந்து மில்லிமீற்றர் பின்னுக்குப் போய் இறங்கினால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. முன்பாரம் முழுக்க மூக்கின் தலையில். கண்ணாடி வழுக்கிக் கண்ணில் இருந்து 5 மில்லிமீற்றர் தள்ளிப் போனால் உங்கள் −6 கண்ணுக்குக் கிட்டத்தட்ட −5.83 ஆகத்தான் வேலை செய்யும். மேலே தள்ளிவிட்டதும் தூரத்துப் பஸ் பலகை தெளிவது அதனால்தான்.

ஹெல்மெற்றையும் யோசியுங்கள். நெடுக ஸ்கூட்டி ஓடுகிறவர்களுக்குக் கை தட்டையாக, மெல்லியதாக, அதிகம் வளையாமல் இருக்க வேண்டும். ஹெல்மெற் போட்ட பிறகு கண்ணாடியை நேரே உள்ளே விட அப்போதுதான் முடியும். தடித்த கையை ஹெல்மெற் நெற்றிப் பொட்டில் அழுத்தும், அதுவும் ஒரு தலையிடி. உலோகம் என்றால் எங்கள் வெக்கையிலும் வியர்வையிலும் மலிவுப் பூச்சு உரிந்து பச்சை பிடிக்கும். கரையோரக் காற்றில் திருகாணி கறளேறும். தைற்றேனியம் கறளேறாது, தோலிலும் கடிக்காது. மணிக்கூட்டுச் சங்கிலி பட்ட இடத்தில் தோல் தடிக்கிறவர் என்றால் நிக்கல் கலந்த பிறேமைத் தொடாதீர்கள்.

பூச்சுகளில் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சு ஒன்றுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் வில்லையில் சிதறுவதை அது குறைக்கும். நீல ஒளியை வடிகட்டும் வில்லைக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2023 இல் கொக்ரேன் நிறுவனம் இதைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தது. கொம்பியூட்டர் முன்னால் வரும் கண் களைப்பைச் சாதாரண வில்லையை விட அது குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது காசில்லாத வைத்தியம். பூச்சுப் போட்ட வில்லையை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டு வந்தால் வெக்கையில் பூச்சு வெடித்துச் சிலந்தி வலை மாதிரிக் கோடு விழும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் படியும். முதலில் தண்ணீரில் தூசியைப் போக்கி, ஒரு சொட்டுத் திரவச் சவர்க்காரம் பூசிக் கழுவி, ஈரம் காயமுன் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் தூசியோடு சட்டை நுனியால் துடைப்பது மண்ணைப் போட்டு உரஞ்சுவதற்குச் சமன்.

துண்டைப் பார்த்து இலக்கங்களைத் தட்டும்போது அடையாளங்களில் கவனம். சிலின்டர் சில துண்டுகளில் சகக் குறியோடு (+), சிலதில் சயக் குறியோடு (−) இருக்கும். உங்கள் வலது கண்ணை ஒருவர் −6.25, சிலின்டர் +0.75, அக்ஸிஸ் 80 என்று எழுதினாலும் அதே கண்தான். முதல் இலக்கமான ஸ்பியரையும் சிலின்டரையும் கூட்டி, சிலின்டரின் குறியை மாற்றி, அக்ஸிஸை 90 பாகை திருப்பினால் ஒன்றில் இருந்து மற்றது வரும். ஒரு துண்டில் இருந்து ஒரு பாதியையும் மற்றதில் இருந்து மறு பாதியையும் எடுத்தால்தான் அழிவு. அக்ஸிஸ் 10 ஐ 010 என்று எழுதுங்கள். அண்ணா அதை 100 என்று வாசிக்க இடம் வைக்காதீர்கள். வலது என்பது எப்போதும் உங்கள் வலது, எதிரே நின்று பார்க்கிறவரின் வலது இல்லை.

அண்ணாவின் அன்பை வீணாக்கவும் வேண்டாம். நீங்கள் தெரிந்த அளவில் பிறேமை மட்டும் அவர் எடுத்து வரட்டும். நல்ல தைற்றேனியப் பிறேம் அங்கே மலிவாகக் கிடைத்தால் அது உங்களுக்குப் பெரிய லாபம். வில்லையை இங்கே போடுங்கள். பிறேமை முகத்தில் போட்டு, மூக்குப் பட்டையும் கையும் சரிப்படுத்தி, பிறகு வில்லையில் கருமணி வரும் இடத்தைப் பேனையால் குறித்து வெட்டுவிக்கலாம். அந்தக் குறியை ரொறன்ரோவில் இருந்து யாராலும் வைக்க முடியாது. திருவிழாவுக்கு வந்த கண்ணாடி பிழையாக இருந்தால் திருத்துவதற்கு அடுத்த திருவிழாவரை பார்த்திருப்பதா? நாலரைக்கு மேற்பட்ட பவர் உள்ள எவருக்கும் நான் இதையே சொல்கிறேன். அதற்குக் குறைந்தவர்கள் சரியான பி.டி.யோடு முழுக் கண்ணாடியையும் ஒன்லைனில் எடுக்கலாம், திருப்பி அனுப்ப முடியுமா என்று மட்டும் ஓர்டருக்கு முன் கேட்டுக்கொள்ளட்டும். பவர் போட்டு வெட்டிய வில்லையைப் பல இடங்களில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

கண்ணாடிக் கதைக்கு வெளியே, உங்களுக்காக ஒன்று. −6 தொட்ட கண் உள்ளே நீண்ட கண். அதன் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழிந்து கழல்வதற்கு மற்றவர்களை விட வாய்ப்பு அதிகம். வருசத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பின்கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது போலவோ, ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தால் கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள், விடியட்டும் என்றும் இராதீர்கள். அன்றே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

அம்மாவுக்கு ஒன்லைனில் எடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சலரோகக்காரருக்கு இரத்தத்தில் சீனி ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லையும் நீர்கொண்டு பவர் மாறும். சீனி கட்டுப்பட்டு சில கிழமை போனபிறகு பார்த்தால் இன்னொரு பவர். இரண்டு வருசப் பழைய துண்டை வைத்து எடுத்தால் எந்தக் கண்ணுக்கு எடுக்கிறோம் என்றே தெரியாது. சீனியைப் பார்த்து, அது நிலையாக நிற்கும் காலத்தில் கண்ணைப் பரிசோதியுங்கள். அன்றைக்கே பின்கண்ணையும் பார்ப்பியுங்கள். சலரோகத்தால் விழித்திரையில் வரும் சேதம் தொடக்கத்தில் நோவும் தராது, பார்வையையும் குறைக்காது. வருசாவருசம் பார்த்தால்தான் பிடிக்கலாம்.

புறோகிரெசிவ் வில்லையில் மேலே தூரம், கீழே வாசிப்பு, நடுவில் ஒடுங்கிய பாதை, இரு கரையிலும் கலங்கல். அந்தப் பாதையின் தொடக்கம் கருமணிக்கு நேரே வர வேண்டும். பி.டி. தெரிந்தால் போதாது, முகத்தில் போட்ட பிறேமின் அடிக்கரையில் இருந்து கருமணி எத்தனை மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது என்றும் அளக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே போனால் வாசிக்க நாடியைத் தூக்க வேண்டும். மேலே போனால் நடக்கும்போது படி கலங்கும். பிறேமின் உயரமும் அண்ணளவாக 30 மில்லிமீற்றராவது வேண்டும், ஒடுங்கிய பிறேமில் வாசிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடும்.

தைக்கிற ஆளுக்குப் புறோகிரெசிவ் வேணுமா என்றே நான் முதலில் கேட்பேன். தையல் மெசினில் ஊசி கண்ணில் இருந்து 45, 50 சென்ரிமீற்றரில் இருக்கும், வேலை அகலமாகப் பரவியிருக்கும். புறோகிரெசிவின் ஒடுங்கிய பாதைக்குள்ளால் துணியைத் தொடர்ந்து பார்ப்பது கழுத்துக்கு வேலை. தையலுக்கென்று முழு வில்லையும் ஒரே பவரில் ஒரு கண்ணாடி, வெளியே போக இன்னொன்று, இரண்டும் சேர்த்தே பல நேரம் ஒரு நல்ல புறோகிரெசிவை விட மலிவு. பழைய துண்டின்படி வாசிக்கும் பவர் 1.00 உம் 2.25 உம் கூட்டி +3.25. அடிஷனை மட்டும் பார்த்து +2.25 வாசிப்புக் கண்ணாடி எடுத்துவிட்டு எழுத்து மங்குகிறது என்று வருகிறவர்கள் அநேகம். தையலுக்கு அதிலும் கொஞ்சம் குறையும். கிட்டப் பார்வைக் கண்ணாடிக்கு பி.டி.யும் தூரத்ததை விட 3 மில்லிமீற்றர் அளவில் குறையும். இவை எல்லாம் புதுத் துண்டு வந்தபிறகு பார்க்க வேண்டியவை.

பரிசோதனைக்குப் போகமுன், அம்மா மெசினில் இருந்து தைத்துக்கொண்டிருக்கும்போது அவ அறியாமல் பக்கத்தில் போய், கண்ணில் இருந்து ஊசிவரை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். அளக்கிறோம் என்று தெரிந்தால் நிமிர்ந்து இருந்துவிடுவா. அந்த இலக்கத்தையும் ஊசி, கறுப்பு நூல், தைத்துக்கொண்டிருக்கும் சட்டைத் துண்டு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சோதனை வில்லைகளைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கும்போது, எழுத்து அட்டையை விட்டுவிட்டு அந்த ஊசியில் அவவை நூல் கோக்கச் சொல்லுங்கள்.